ஒன்பதும் பதினொன்றும் துணை: பெரிய எண்களைக் கையாள 30 குறிப்புகள்

அமராவதி அணையில் இத்தனை டி.எம்.சி. என்கிறது நாளிதழ். மண்டியில் சின்ன வெங்காயத்துக்கு எடைச் சீட்டும் தொகையும் தருகிறார்கள். பட்டாவில் ஏர், பத்திரத்தில் சதுர அடி, கைப்பேசிக்குள் ஆதார் எண்ணும் அட்டை எண்ணும். தாராபுரத்தில் குடித்தனம் நடத்தும் எவருக்கும் இப்படிப்பட்ட நீளமான எண்கள் தினமும் கைக்கு வருகின்றன. நீளத்தைப் பார்த்ததும், “சரியாகத்தான் இருக்கும்” என்று மடித்து வைத்துவிடுகிறோம்.

எவ்வளவு பெரிய முழு எண்ணாக இருந்தாலும் அதற்கென்று சில குணங்கள் உண்டு. எதனால் வகுபடும், எதனால் வகுபடாது, மீதி எவ்வளவு என்பவைதான் அந்தக் குணங்கள். அவற்றைக் கேட்கத் தெரிந்துவிட்டால், தவறு நேர்ந்த இடத்தை எண்ணே காட்டிக்கொடுக்கும். அதற்கான வழிகளை நம் ஊர்க் கணக்குகளை வைத்தே கீழே தந்திருக்கிறேன். ஒரு பென்சிலும் துண்டுச் சீட்டும் போதும்.

எழுதும்போதும் படிக்கும்போதும்

1. பெரிய எண்ணை எழுதும்போது வலப்பக்கத்திலிருந்து முதலில் மூன்று இலக்கம், பிறகு இரண்டிரண்டு இலக்கம் விட்டுக் காற்புள்ளி இடுங்கள். 638656 என்பதை 6,38,656 என்று எழுதினால் ஆறு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் என்பது ஒரே பார்வையில் தெரியும். சில செயலிகள் 638,656 என்று மும்மூன்றாகப் பிரித்துக் காட்டும். எண் மாறவில்லை, குழம்ப வேண்டாம். 1 மில்லியன் 10 லட்சம், 1 பில்லியன் 100 கோடி.

2. தொகையைப் படிக்கும் முன் இலக்கங்களை எண்ணுங்கள். ஆயிரத்துக்கு 4, லட்சத்துக்கு 6, கோடிக்கு 8. கைப்பேசியில் பணம் அனுப்பும்போது 5,000-க்குப் பதில் 50,000 போய்விடுவது பூஜ்யத்தை எண்ணாததால்தான். “நாலு இலக்கம்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு ரகசிய எண்ணை அழுத்துங்கள்.

3. காசோலையிலும் கடன் பத்திரத்திலும் தொகையை எழுத்தாலும் எழுதி, இடைவெளி விடாமல் “மட்டும்” என்று முடியுங்கள். எண்ணால் எழுதியதன் இடப்பக்கம் காலி இடம் இருக்கக் கூடாது. அங்கே ஓர் இலக்கம் சேர்ந்தாலே தொகை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும்.

தண்ணீர்க் கணக்கு

4. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஆயிரம் அடி உள்ள ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் நிறையும் தண்ணீர்தான் அது. ஓர் அடிக்குச் சரியாக 30.48 செ.மீ. ஆயிரம் அடியில் பத்து சென்டிமீட்டர் துண்டுகள் 3,048 இருக்கும். பத்து சென்டிமீட்டர் கனசதுரத்தில் ஒரு லிட்டர் பிடிக்கும். ஆகவே ஒரு டி.எம்.சி.யின் லிட்டர் கணக்கு 3048-ஐ மூன்று முறை பெருக்கினால் கிடைப்பது: 2,831 கோடியே 68 லட்சத்து 46 ஆயிரத்து 592 லிட்டர். தசமப் புள்ளி எதுவும் மிச்சமில்லாத முழு எண், அதிலும் முழுக் கனம். சுமார் 4 டி.எம்.சி. கொள்ளும் அமராவதி அணை நிரம்பினால் 11,300 கோடி லிட்டருக்கு மேல் இருக்கிறது என்று பொருள்.

5. இந்த 11 இலக்க எண்ணை எங்காவது எழுதி வைத்தால், பிழையில்லாமல் எழுதியிருக்கிறோமா என்று பார்க்க வழி இருக்கிறது. 28316846592-இன் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 54. அது 9-ஆல் வகுபடும். 3048 மூன்றால் வகுபடுவதால் அதன் கனம் 27-ஆல் வகுபட்டே தீர வேண்டும். எனவே 9-ஆலும் வகுபடும். ஏதாவது ஓர் இலக்கம் மாறியிருந்தால் கூட்டுத்தொகை 9-இன் மடங்காக வராது. ஓர் இலக்கம் மட்டும் மாறும் தவறுகளில் 0-க்கு 9 அல்லது 9-க்கு 0 எழுதியது மட்டுமே இதில் தப்பும்.

6. “அணைக்கு விநாடிக்கு ஆயிரம் கன அடி நீர்வரத்து” என்று படித்தால் இப்படிக் கணக்கிடுங்கள். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. விநாடிக்கு 1 கன அடி வீதம் நாள் முழுக்க வந்தால் ஏறத்தாழ 24 லட்சத்து 46 ஆயிரம் லிட்டர். விநாடிக்கு 11,574 கன அடி வந்தால் ஒரே நாளில் ஒரு டி.எம்.சி. சேரும். ஆயிரம் கன அடி என்றால் பதினொன்றரை நாள் ஆகும். ஆயக்கட்டுக்கு எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று காத்திருக்கும் விவசாயக் குடும்பங்கள் செய்தியைப் படித்ததும் தாங்களே மதிப்பிட்டுக்கொள்ள இது உதவும்.

7. தரைக்கடியில் சம்ப் கட்டும்போது நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி, வந்ததை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர். 8 அடி, 6 அடி, 5 அடி என்றால் 240 கன அடி. சுமார் 6,790 லிட்டர். வட்டத் தொட்டிக்கு விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, அதை உயரத்தால் பெருக்கி, பிறகு 22.2-ஆல் பெருக்குங்கள். 4 அடி விட்டமும் 5 அடி உயரமும் உள்ள தொட்டியில் ஏறத்தாழ 1,780 லிட்டர் பிடிக்கும். அளவு எப்போதும் உள்பக்கச் சுவருக்கு இடையில் எடுக்க வேண்டும்.

8. கோடையில் டிராக்டர் டேங்கரில் தண்ணீர் வாங்கினால், ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் சம்பில் ஒரு குச்சியை விட்டு அளந்துகொள்ளுங்கள். 5,000 லிட்டர் என்பது 176.6 கன அடி. மேலே சொன்ன 8-க்கு 6 அடி சம்பில் மட்டம் 3 அடி 8 அங்குலம் உயர வேண்டும். மூன்று அடிதான் உயர்ந்தது என்றால் உங்களுக்கு வந்தது 4,080 லிட்டர்தான்.

காடு தோட்டக் கணக்கு

9. ஓர் ஏக்கருக்கு 43,560 சதுர அடி, ஒரு சென்ட்டுக்கு 435.6 சதுர அடி. நில அளவைச் சங்கிலி 66 அடி நீளம். 66-ஐ 660-ஆல் பெருக்கினால் 43,560. இந்த எண் 9-ஆலும் வகுபடும், 11-ஆலும் வகுபடும். “43,650-ஆ, 43,560-ஆ” என்று நினைவு தடுமாறினால் 11-ஐக் கேட்டுப் பாருங்கள் (குறிப்பு 14). 43,650 அதில் தோற்றுவிடும்.

10. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஏரை 2.47-ஆல் பெருக்கினால் சென்ட். 40.5 ஏர் என்றால் ஓர் ஏக்கர். பத்திரத்தில் உள்ள ஏக்கரும் பட்டாவில் உள்ள ஏரும் ஒத்துப்போகின்றனவா என்று விற்பனைப் பேச்சு தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

11. தென்னைக்குப் பரிந்துரைக்கப்படும் இடைவெளி 25-க்கு 25 அடி. ஒரு மரத்துக்கு 625 சதுர அடி. 43,560-ஐ 625-ஆல் வகுத்தால் 69.7; ஏக்கருக்கு 70 மரம் என்று தோப்புக்காரர்கள் சொல்வது இந்தக் கணக்குத்தான். ஏக்கருக்கு 90 கன்று வைக்கலாம் என்று யாராவது சொன்னால், ஒரு மரத்துக்கு 484 சதுர அடி, அதாவது 22-க்கு 22 அடிதான் மிஞ்சும் என்று கணக்கிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

சரிபார்க்கும் வழிகள்

12. வால் பகுதியைப் பார்த்தாலே சில குணங்கள் தெரியும். கடைசி இலக்கம் 0 அல்லது 5 என்றால் 5-ஆல் வகுபடும். கடைசி இரண்டு இலக்கம் 4-ஆல் வகுபட்டால் முழு எண்ணும் 4-ஆல் வகுபடும். கடைசி மூன்று இலக்கத்துக்கு 8 அப்படியே. மூட்டை 48 ரூபாய்க்கு இறக்கு கூலி என்றால், எத்தனை மூட்டையானாலும் மொத்தக் கூலி 8-ஆல் வகுபட வேண்டும். 3,356 என்று வந்தால் கூட்டிப் பார்க்கவே வேண்டாம். 356 எட்டால் வகுபடாது, கணக்கு தவறு.

13. ஒன்பது மீதி: இலக்கங்களைக் கூட்டி, ஓரிலக்கம் வரும்வரை மறுபடி கூட்டுங்கள். கிடைப்பது 9-ஆல் வகுத்தால் வரும் மீதி (9 வந்தால் மீதி 0). தாராபுரத்தின் அஞ்சல் குறியீடு 638656-க்கு 6+3+8+6+5+6 = 34, பிறகு 3+4 = 7. கூட்டும்போது 9-ஐயும், சேர்ந்து 9 ஆகும் ஜோடிகளையும் அடித்துவிட்டால் வேலை இன்னும் சுருங்கும்.

14. பதினொன்று மீதி: வலப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒரு முறை கூட்டல், ஒரு முறை கழித்தல் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். 638656-க்கு 6−5+6−8+3−6 = −4. குறையில் வந்தால் 11-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள்: 7. ஏக்கர் எண் 43560-க்கு 0−6+5−3+4 = 0. மீதி இல்லை.

15. இரண்டையும் ஒரே வீச்சில் செய்ய ஒரு குறுக்கு வழி உண்டு. வலப்பக்கத்திலிருந்து இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்துக் கூட்டுங்கள்: 63+86+56 = 205. மறுபடி 2+05 = 7. இது 99-ஆல் வகுத்த மீதி. 9, 11 இரண்டும் பிடிக்கும் தவறுகளை இது ஒன்றே பிடிக்கும். பிரிப்பது காற்புள்ளிக்கு ஏற்ப அல்ல, கடைசியிலிருந்து ஜோடி ஜோடியாக.

16. மண்டிச் சீட்டைச் சரிபார்க்க: 1,487 கிலோ சின்ன வெங்காயம், கிலோ 58 ரூபாய், தொகை 86,246 என்று எழுதியிருக்கிறது. எடையின் ஒன்பது மீதி 2, விலையின் மீதி 4. பெருக்கினால் 8. தொகை 86246-இன் மீதியும் 8. பொருந்துகிறது. மீதிகள் பொருந்தாவிட்டால் கணக்கு நிச்சயம் தவறு, சந்தேகத்துக்கே இடமில்லை. கமிஷன், சுங்கம், வண்டி வாடகையைக் கழிப்பதற்கு முன்புள்ள தொகையில் இதைச் செய்யுங்கள்.

17. ஒன்பது மீதி பொருந்தியதாலேயே கணக்கு சரி என்று விட்டுவிடக் கூடாது. அதே தொகையை 86,426 என்று இடம் மாற்றி எழுதியிருந்தாலும் இலக்கக் கூட்டு மாறாது; ஒன்பது கண்ணை மூடிக்கொள்ளும். பதினொன்று பிடித்துவிடும். 1487-க்கு மீதி 2, 58-க்கு 3, பெருக்கினால் 6. 86246-க்கு மீதி 6. 86426-க்கு மீதி 10. 180 ரூபாய் வித்தியாசம் பிடிபட்டுவிட்டது. ஆகவே ஒன்பதும் பதினொன்றும் சேர்ந்தே பாருங்கள். இல்லையென்றால் குறிப்பு 15-இல் உள்ளபடி 99-ஐ வையுங்கள்.

18. இரண்டு கணக்குகள் ஒத்துவராமல் வித்தியாசம் வந்தால், முதலில் அந்த வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பாருங்கள். வகுபட்டால் பெரும்பாலும் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கும், அல்லது ஒரு பூஜ்யம் கூடியோ குறைந்தோ இருக்கும். பால் கணக்கில் 4,872 என்பது 4,827 ஆனால் வித்தியாசம் 45, அதாவது 9 × 5. இடம் மாறிய இரண்டு இலக்கங்களுக்கு இடையே 5 வித்தியாசம் என்பது இதிலிருந்தே தெரியும். பத்தாம் இடத்திலும் ஒன்றாம் இடத்திலும் 7-2, 8-3, 9-4 போன்ற ஜோடிகளைத் தேடினால் போதும். வித்தியாசம் 90-இன் மடங்கு என்றால் நூறாம் இடத்தையும் பத்தாம் இடத்தையும் பாருங்கள்.

19. வித்தியாசம் 9-ஆல் வகுபடவில்லை, ஆனால் இரட்டைப்படை என்றால் அதைப் பாதியாக்கி, அந்தத் தொகை வரவு செலவில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். செலவில் எழுத வேண்டியதை வரவில் எழுதினால் வித்தியாசம் சரியாக இரட்டிப்பாக வரும்.

20. மொய் நோட்டுக்கு ஓர் எளிய சோதனை. 101, 201, 501, 1001, 2001 என்று எல்லாம் நூறின் மடங்கோடு ஒன்று சேர்ந்த தொகைகள். எனவே மொத்தத்தின் கடைசி இரண்டு இலக்கமும் மொய் வைத்தவர்கள் எண்ணிக்கையின் கடைசி இரண்டு இலக்கமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் 101 எட்டுப் பேர், 201 ஐந்து பேர், 501 நாலு பேர், 1001 மூன்று பேர். ஆக 20 பேர். மொத்தம் 6,820 ரூபாய், கடைசியில் 20. பக்கத்துக்குப் பக்கம் இதைப் பார்த்துவிட்டால், கல்யாண அலுப்பில் நள்ளிரவில் முழு நோட்டையும் மறுபடி கூட்ட வேண்டி வராது. 51, 151 கலந்திருந்தால் கடைசி ஓர் இலக்கத்தை மட்டும் ஒப்பிடுங்கள். முழு நூறாக வைத்தவர்களைத் தனியே எழுதிவிடுங்கள்.

21. மொய்யில் வரும் 1001-க்கு இன்னொரு பயன் உண்டு. அது 7 × 11 × 13. எந்தப் பெரிய எண்ணையும் வலப்பக்கத்திலிருந்து மும்மூன்றாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால், வருவதை 7, 11, 13 மூன்றாலும் சோதிக்கலாம். 638656-க்கு 656−638 = 18. பதினெட்டு இந்த மூன்றாலும் வகுபடாது, 638656-உம் வகுபடாது. ஒரு தொகையை வாரத்தின் ஏழு நாளுக்குச் சமமாகப் பிரிக்க முடியுமா என்று பார்க்க இது கைகொடுக்கும்.

பங்கிடும்போது

22. விசேஷத்துக்கு லட்டு, முறுக்கு, அதிரசம் செய்யச் சொல்லும்போது 100 என்று சொல்லாமல் 120 என்று சொல்லுங்கள். 100-க்குக் காரணிகள் ஒன்பதுதான். 3 பேருக்கோ 6 பேருக்கோ 8 பேருக்கோ மிச்சமில்லாமல் பிரியாது. 120-க்குக் காரணிகள் பதினாறு: 2, 3, 4, 5, 6, 8, 10, 12, 15 என்று எந்தப் பொட்டலத்துக்கும் வசப்படும். பெரிய விசேஷம் என்றால் 240, 360, 720. இந்த எண்களுக்கு ஒரு சிறப்பு உண்டு: தமக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட இவற்றுக்குக் காரணிகள் அதிகம்.

23. இந்தக் குணம் உள்ள எண்களை முறையாக ஆராய்ந்தவர் நம் கொங்கு மண்ணில், ஈரோட்டில், 1887 டிசம்பர் 22 அன்று பிறந்த சீனிவாச ராமானுஜன். 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் இதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தந்ததில் அந்த ஆய்வுக்குப் பங்கு உண்டு. அவர் பட்டியலின் கடைசி எண் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. அதற்கு 10,080 காரணிகள். 2-ஐ ஆறு முறை, 3-ஐ நாலு முறை, 5-ஐ இரண்டு முறை, 7-ஐ இரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றையும் ஒரு முறை பெருக்கினால் அது கிடைக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். காரணிப்படுத்தல் பாடம் பிறகு மறக்காது.

குடும்பத்தின் நீள எண்கள்

24. அஞ்சல் குறியீட்டை இலக்கம் இலக்கமாக வாசித்துச் சொல்லுங்கள். 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த இந்த ஆறிலக்க எண்ணில் தவறைப் பிடிக்கும் இலக்கம் எதுவும் கிடையாது. ஓர் இலக்கம் பிசகினால் பொருள் வேறு ஊருக்குப் போய்விடக்கூடும். 2009-இல் தாராபுரம் திருப்பூர் மாவட்டத்தில் சேர்ந்த பிறகும் நம் குறியீடு 638-இல்தான் தொடங்குகிறது. திருப்பூர் நகருக்கு 641. மாவட்டத்தைப் பார்த்து ஊகித்து எழுதாதீர்கள்.

25. அட்டை எண்ணின் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களுக்குக் காவல். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் வகுத்த முறை அது. நம் அஞ்சல் குறியீட்டுக்கே ஒரு காவல் இலக்கம் சேர்த்துப் பார்ப்போம். வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பாக்குங்கள். இரண்டு இலக்கம் வந்தால் அவற்றைக் கூட்டிவிடுங்கள். 638656-இல் 6 → 12 → 3, 5, 6 → 3, 8, 3 → 6, 6. மொத்தம் 31. அடுத்த பத்தின் மடங்கான 40-க்கு 9 வேண்டும். காவல் இலக்கம் 9. யாராவது 638566 என்று மாற்றி எழுதினால் மொத்தம் 30 ஆகி, காவல் இலக்கம் 0 என்று கேட்கும். தவறு அங்கேயே நிற்கும். அட்டை எண்ணை அடித்ததும் செல்லாது என்று வந்தால் பதறாமல் இலக்கங்களை மறுபடி பாருங்கள்; பெரும்பாலும் காரணம் இதுதான். கைப்பேசியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணுக்கும் இதே முறைதான். *#06# அழுத்தி அதைக் குறித்து வையுங்கள். கைப்பேசி தொலைந்தால் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்க அது வேண்டும்.

26. ஆதாரின் 12 இலக்கத்தில் கடைசி இலக்கம் இன்னும் கூர்மையான காவல். நெதர்லாந்துக் கணித அறிஞர் வெர்ஹூஃப் 1969-இல் வெளியிட்ட முறை. ஓர் இலக்கம் மாறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் தவறாமல் பிடித்துவிடும். 0 அல்லது 1-இல் தொடங்கும் ஆதார் எண் கிடையாது. அப்படி யாராவது காட்டினால் அது பொய். நகல் கொடுக்க வேண்டிய இடங்களில், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதுமா என்று கேளுங்கள்.

27. மளிகைப் பொட்டலத்தின் பட்டைக் குறியீட்டில் 13 இலக்கம். இடமிருந்து ஒற்றை இடத்து இலக்கங்களை அப்படியே, இரட்டை இடத்து இலக்கங்களை மும்மடங்காக்கிக் கூட்டினால், கடைசி இலக்கத்தோடு சேர்த்துப் பத்தின் மடங்கு வர வேண்டும். 8901234567890-ஐ மாதிரிக்கு எடுத்தால் 28 + 102 = 130; கடைசி இலக்கம் 0, பொருந்துகிறது. தொடக்கத்தில் 890 இருந்தால் நிறுவனம் இந்தியாவில் பதிவு செய்தது என்று மட்டுமே பொருள். பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதை உறையில் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டின் 11 இடங்களில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், ஆங்கில ஓ அல்ல. புதிய கணக்குக்குப் பணம் அனுப்பும்போது முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள்.

28. 17-ஐ 587-ஆல் பெருக்கச் சொன்னால் ஒரு நிமிடத்தில் 9,979 என்று சொல்லிவிடலாம். 9,979-ஐக் கொடுத்து எந்த இரண்டு பகா எண்களின் பெருக்கல் என்று கேட்டால் வெகுநேரம் தேட வேண்டும். (இந்த 9,979-ஐ 64-ஆல் பெருக்கினால் நம் 638656.) இணையத்தில் பரவலாகப் புழங்கும் ஆர்.எஸ்.ஏ. பூட்டு இந்தக் குணத்தில்தான் நிற்கிறது. அதில் வழக்கமாக இருப்பது 617 இலக்கம் வரை நீளும் எண்; அதன் இரண்டு காரணிகளை நியாயமான காலத்தில் கண்டுபிடிக்கும் கணினி இன்று இல்லை. ஆனால் ஓ.டி.பி.யை நாமே வாய்விட்டுச் சொல்லிவிட்டால் எந்த எண்ணும் காப்பாற்றாது. ஏமாந்துவிட்டது தெரிந்தால் வெட்கப்பட்டுக் காலம் கடத்தாமல் உடனே 1930-ஐ அழையுங்கள்.

29. “நீங்கள் இரண்டு பேரைச் சேருங்கள், அவர்கள் ஆளுக்கு இரண்டு பேர்” என்று யாராவது திட்டத்தோடு வந்தால் இரட்டிப்பைக் கணக்கிடுங்கள். பத்தாவது படியில் 1,024 பேர் சேர வேண்டும். இருபதாவதில் 10,48,576 பேர். இருபத்தேழாவதில் 13,42,17,728 பேர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்களே 7,21,47,030. கடைசியில் சேர்பவர்களுக்குப் பணம் வரவே வராது என்பதை எண்ணே சொல்லிவிடுகிறது. கணக்குக்கு ஒத்துவராத வருமானத்தை நம்பி 2012-இல் ஈமு கோழித் திட்டங்களில் கொங்கு நாட்டுக் குடும்பங்கள் இழந்த சேமிப்பை நாம் மறந்துவிடக் கூடாது.

30. “ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்று பெரியவர்கள் சொன்னதைக் கணக்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டைச் சரிபார்ப்பது எதிரில் இருப்பவரைச் சந்தேகிப்பது ஆகாது. எழுதியவருக்கும் அலுப்பில் கை பிசகும். எந்தச் சீட்டு வந்தாலும் இந்த வரிசையில் பாருங்கள்: இலக்கத்தை எண்ணுங்கள், காற்புள்ளி இடுங்கள், கடைசி இலக்கம் பொருந்துகிறதா என்று பாருங்கள், ஒன்பது மீதியும் பதினொன்று மீதியும் எடுங்கள். நாலும் பொருந்திய பிறகு கையெழுத்துப் போடுங்கள். பொருந்தாவிட்டால், “அண்ணா, இதை இன்னொருக்கா கூட்டிப் பாருங்க” என்று அங்கேயே, அப்போதே சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் கேட்பதைவிட அது இருவருக்கும் நல்லது.